கழுவக் கழுவப் பாசி

கேள்வி: எங்கள் ஹாலில் ஜன்னலோரம் இரண்டடி மீன் தொட்டி இருக்கிறது. நான்கு கோல்டு பிஷ். ஞாயிறுதோறும் மீன்களைப் பக்கெட்டில் விட்டுவிட்டு கல், பில்டர், கண்ணாடி எல்லாவற்றையும் குழாயடியில் தேய்த்துக் கழுவுகிறேன். வியாழக்கிழமைக்குள் மறுபடி பச்சை. கடையில் ஒரு பாசி மருந்து தந்திருக்கிறார்கள். ஊற்றலாமா, ஐயா?
– வாசகி, ஆதம்பாக்கம்

பதில்: ஊற்றாதீர்கள். பாசி மருந்துகள் பலவற்றில் தாமிரம் இருக்கும். நத்தை, இறால் இருந்தால் அதோடு சரி. தவிர, செத்த பாசி தண்ணீரிலேயே அழுகி ஆக்சிஜனைத் தின்னும். மே மாதச் சூட்டில் தண்ணீரில் ஆக்சிஜனே குறைவு; மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும்.

முதலில் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கழுவலை நிறுத்துங்கள். பில்டர் ஸ்பாஞ்சில் இருக்கும் கொழகொழப்பு அழுக்கு மட்டுமல்ல, மீன் கழிவின் அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாவும் அதில்தான் குடியிருக்கிறது. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் தேய்த்தால் அது செத்துவிடும். அப்புறம் அமோனியா ஏறும். மீனுக்கு விஷம், பாசிக்கு விருந்து. வாரம் ஒருமுறை ஒரு பக்கெட், அதாவது 15 லிட்டர் போல எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடுங்கள். உங்கள் தொட்டி சுமார் 50 லிட்டர்தான் பிடிக்கும், அதுவே போதும். மெட்ரோ வாட்டர் என்றால் ஆன்டி குளோரின் சொட்டுகளை மறக்காதீர்கள். ஸ்பாஞ்சை, எடுத்த அந்தப் பழைய தண்ணீரிலேயே இரண்டு பிழி பிழிந்தால் சரி.

அடுத்தது வெளிச்சம். ஜன்னல் எந்தத் திசை என்று நீங்கள் எழுதவில்லை. நான் பெரம்பூரில் குடியிருந்தபோது தொட்டி தெற்கு ஜன்னலோரம் இருந்தது. ஆடியில் பளிங்கு போல இருந்த தண்ணீர் மார்கழியில் பச்சைக் குழம்பாகிவிட்டது. மீனை மாற்றினேன், தீனியை மாற்றினேன், கடைக்காரரோடு சண்டை கூடப் போட்டேன். ஒருநாள் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தபோதுதான் கவனித்தேன்: பகல் பதினோரு மணிக்கு வெயில் நேராகத் தொட்டிக்குள் விழுகிறது! சென்னையில் ஆடி மாதம் உச்சி வெயில் வடக்கே சாய்ந்திருக்கும், மார்கழியில் தெற்கே இறங்கிவிடும். தொட்டியை உள்சுவருக்கு நகர்த்தினேன். தீர்ந்தது. காலித் தொட்டியை மட்டும் நகர்த்துங்கள். தண்ணீரோடு தூக்கினால் அடிக்கண்ணாடி விரிசல் விடும்.

எல்இடி விளக்கு ஏழு மணி நேரம் எரிந்தால் தாராளம். தூங்கப் போகும்போதுதான் அணைப்பது என்ற பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. ஒரு டைமர் மாட்டிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

தீனியும் முக்கியம். கோல்டு பிஷ் எப்போதும் பசித்த மாதிரிதான் பார்க்கும், நம்பாதீர்கள். அதற்கு வயிறு என்று தனியாக ஓர் உறுப்பே கிடையாது, உள்ளே போவது சீக்கிரமே கழிவாக வெளியே வந்துவிடும். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு, நாளைக்கு ஒருமுறை அல்லது இருமுறை. வீட்டில் தாத்தா ஒரு கை, பேரன் ஒரு கை என்று போடுகிறார்களா, விசாரியுங்கள். உண்மையில் இரண்டடித் தொட்டிக்கு நான்கு கோல்டு பிஷ் அதிகம்; வளர வளரத் தெரியும்.

கண்ணாடியில் ஒட்டியிருப்பதைக் காலாவதியான ஏடிஎம் கார்டால் சுரண்டிவிடலாம். சோப்பு மட்டும் ஆகாது.

கேள்வி: பாசிக்கு சக்கர் மீன் வாங்கி விடலாமா?
– வாசகர், வில்லிவாக்கம்

பதில்: விரல் நீளத்தில் இருக்கும்வரை தின்னும். வளர்ந்தால் ஓர் அடியைத் தாண்டும், பாசியை விட்டுவிட்டு உங்கள் தீனிக்கு வரும், கழிவும் மலை போல. அப்புறம் "ஏரியில் விட்டுவிட்டேன்" என்பார்கள். தென் அமெரிக்க மீன் அது. அப்படி விட்டு விட்டுத்தான் நம் நீர்நிலைகளில் பெருகிக் கிடக்கிறது. மோலி நாலு விடுங்கள், கொறித்துக்கொண்டே இருக்கும்.

கேள்வி: புதுத் தொட்டி, மூன்றே வாரம். கல்லெல்லாம் பழுப்புப் பொடி.
– வாசகர், மேடவாக்கம்

பதில்: டயாட்டம் என்ற பழுப்புப் பாசி அது. புதுத் தொட்டிக்கு வருவதுதான். துடைத்துவிட்டு இன்னும் ஒரு மாதம் பொறுங்கள்.