விண்டேஜ் நம்பர் வாங்க ஃபெடரேஷனில் சேர வேண்டுமா?

கேள்வி: அப்பா ஓட்டிய 1968 மாடல் ஃபியட் 1100 எங்கள் ஷெட்டில் நிற்கிறது. ஆர்.சி. இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. “விண்டேஜ் நம்பர் வேண்டுமானால் ஃபெடரேஷன் மெம்பர்ஷிப் கட்டாயம், நான் சேர்த்துவிடுகிறேன்” என்று ஓர் ஏஜென்ட் பணம் கேட்கிறார். மெக்கானிக்கோ, பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டு மாருதி எஞ்சின் மாட்டிவிடலாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? – ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: இரண்டு பேர் சொல்வதையும் கேட்காதீர்கள்.

ஃபெடரேஷன் என்பது பழைய வண்டிக்காரர்கள் நடத்தும் கிளப்புகளின் கிளப். அதில் உறுப்பினராக இருப்பவை பொதுவாகச் சங்கங்கள்தான். தனி ஆள் உள்ளூர் கிளப் வழியாகவே அதற்குள் வருகிறார். உலக அளவில் இதற்கு உச்சியில் இருப்பது 1966-இல் பாரிஸில் தொடங்கிய ‘ஃபிவா’ (FIVA) என்ற சர்வதேசப் பழைய வாகனக் கூட்டமைப்பு. இந்தியாவிலிருந்து ஃபெடரேஷன் ஆஃப் ஹிஸ்டாரிக் வெஹிகில்ஸ் ஆஃப் இந்தியா அதோடு இணைந்திருக்கிறது. இவர்களுடைய வேலை நம்பர் பிளேட் கொடுப்பதல்ல, அரசிடம் பேசுவது. பிரிட்டனில் 2021 செப்டம்பரில் 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபோது, பழைய வண்டிக்காரர்களுக்காக வாதாடியதும், எந்தச் சேர்மானத்தை டேங்கில் ஊற்றலாம் என்று வழிகாட்டியதும் அங்குள்ள கூட்டமைப்புதான். தனி ஆளாகப் போயிருந்தால் யார் காது கொடுத்துக் கேட்டிருப்பார்கள்?

நம்பர் கொடுப்பது போக்குவரத்துத் துறை மட்டுமே. 2021 ஜூலையில் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, வணிகப் பயன்பாட்டில் இல்லாத இரு சக்கர, நான்கு சக்கர வாகனம் விண்டேஜ். படிவம் 20, இன்சூரன்ஸ், கட்டணம், பழைய ஆர்.சி. இவை போதும், இறக்குமதி வண்டி என்றால் அதற்கான சுங்க ஆவணமும் வேண்டும். கிளப் சான்றிதழ் இந்தப் பட்டியலில் இல்லை. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். அப்புறம் மறுபதிவுக்கு 5,000.

ஃபிவா கணக்கு வேறு. அங்கே 30 வயதானாலே பாரம்பரிய வாகனம். 1983-இல் வந்த முதல் மாருதி 800-கூட அவர்கள் வயதுக் கணக்கில் தேறிவிடும், நம் சட்டத்தில் தேறாது. ஃபிவா தரும் அடையாள அட்டையும் வண்டிக்கான அட்டைதான், சர்வதேச ரேலிகளுக்குப் போகிறவர்களுக்குத்தான் அது தேவைப்படும். அதைக் காட்டி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காரியம் சாதிக்க முடியாது.

சரி, விண்டேஜ் வண்டிகளுக்கென்று தரும் ‘வி.ஏ.’ எழுத்துள்ள நம்பர் உங்களுக்கு வேண்டுமா? என்னைக் கேட்டால் வேண்டாம். ஏற்கெனவே பதிவான வண்டிக்குப் பழைய எண்ணே தொடரும் என்று விதி சொல்கிறது. 1968 என்றால் மெட்ராஸ் மாநிலக் காலத்து ‘எம்’ நம்பராக இருக்கும். அதற்காகவே சிலர் வண்டி தேடி அலைகிறார்கள்! போதாததற்கு, விண்டேஜ் என்று பதிந்துவிட்டால் கண்காட்சி, ரேலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று மட்டுமே ரோட்டில் எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கொடைரோடு வரை போய்வருவது அதில் வராது. 5 ஆண்டுக்கு ஒருமுறை வழக்கம்போல எஃப்.சி. காட்டி ஆர்.சி.யைப் புதுப்பியுங்கள்.

மாருதி எஞ்சின் பேச்சை இன்றே நிறுத்துங்கள். சேஸி, பாடி, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் செய்த வண்டியை விண்டேஜாக ஏற்க மாட்டார்கள். ஆர்.சி.யில் இருக்கும் எஞ்சின் நம்பரும் பொருந்தாது. பின்னாளில் மனம் மாறினாலும் வழியில்லை.

மெக்கானிக்குக்குக் கொடுக்க வேலை தேடுகிறீர்கள் என்றால் பெட்ரோல் ஹோஸைப் பார்க்கச் சொல்லுங்கள். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீத எத்தனால். பழைய ரப்பர் அதைத் தாங்காது. பானட்டைத் திறந்து, பம்ப்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் ஹோஸை விரலால் அழுத்துங்கள். பிசுபிசுவென்று கறுப்பு ஒட்டினாலோ, வளைக்கும்போது முடி மாதிரி மெல்லிய வெடிப்பு தெரிந்தாலோ உடனே மாற்ற வேண்டும். வாங்கும்போது எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். பம்ப்புக்குள் இருக்கும் டயஃப்ரம் என்ற சவ்வையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். ஓட்டாமல் மாதக்கணக்கில் நிறுத்தும்போது டேங்கில் அரைகுறையாகப் பெட்ரோல் விடாதீர்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், அடியில் தண்ணீர் தங்கித் துரு பிடிக்கும்.

கிளப்பில் சேருங்கள், அது வேறு விஷயம். 1100-க்கு டயஃப்ரம் எந்தக் கடையில் கிடைக்கும் என்று அங்கே யாருக்காவது தெரிந்திருக்கும்.