ஃப்ளேர் வேறு, துகள் புயல் வேறு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கோத்தகிரியிலிருந்து: நாங்கள் 6,000 அடி உயரத்தில் இருக்கிறோம். ஃப்ளேர் வெடித்தால் சமவெளிக்காரர்களைவிட எங்கள் மேல் சூரியத் துகள்கள் அதிகமாக விழுமா?

விழாது. ஃப்ளேர் என்பது சூரியனில் திடீரென எழும் ஒளிவெடிப்பு. இதில் உயரத்தைவிட பூமியின் காந்தப்புலம்தான் முக்கியம். நம் மலைகள் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால், ஒரு புரோட்டான் இங்கே காற்றுமண்டலத்தைத் தொடவே சுமார் 17 ஜிஇவி ஆற்றல் வேண்டும் (ஒரு ஜிஇவி என்பது நூறு கோடி எலெக்ட்ரான் வோல்ட், துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு). சூரியன் அனுப்புவதில் பெரும்பாலானவை 1 ஜிஇவியைக்கூட எட்டாது. துருவப் பக்கம் இருப்பவர்களுக்குக் கதை வேறு.

வத்தலக்குண்டிலிருந்து: இன்று இரவு 12.30 முதல் 3.30 வரை கதிர்வீச்சு வருகிறதாம், செல்போனை அணைக்க வேண்டுமா?

வேண்டாம். எந்த "இன்று"? செய்தியில் தேதியே இல்லை. பல வருடங்களாகச் சுற்றும் புரளி இது. அடுத்தவருக்கு அனுப்பும் முன் ஒரு தடவை முழுதாகப் படித்துப் பாருங்கள்.

குன்னூர் கல்லூரி மாணவி: ஃப்ளேரின் வெப்பம்தான் துகள்களை அவ்வளவு வேகமாகத் தள்ளுகிறதா?

இல்லை, வெப்பத்தால் அது முடியாது. ஃப்ளேரில் பிளாஸ்மா, அதாவது மின்னேற்றம் பெற்ற வாயு, 2 கோடி டிகிரிக்குச் சூடானாலும் ஒரு துகளுக்குச் சராசரியாகக் கிடைப்பது சில ஆயிரம் எலெக்ட்ரான் வோல்ட்தான். விண்வெளியில் நாம் அளக்கும் புரோட்டான்களுக்கு அதைப்போல ஆயிரக்கணக்கான, சில சமயம் லட்சக்கணக்கான மடங்கு ஆற்றல் இருக்கிறது. வழி இரண்டு. ஒன்று காந்த மறுஇணைப்பு: எதிரெதிர்த் திசைக் காந்தக்கோடுகள் அறுந்து வேறு விதமாக ஒட்டும்போது, அங்கே சேர்ந்திருந்த ஆற்றல் சில நிமிடங்களில் துகள்களுக்குப் போகிறது. இந்த வகை நிகழ்வு சில மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். வருவதில் எலெக்ட்ரான் அதிகம், சூரியனில் சாதாரணமாக மிக அரிதான ஹீலியம்-3 என்ற எடை குறைந்த ஹீலியம் வகையும் வியக்கும் அளவுக்குக் கூடியிருக்கும். இரண்டாவது, சி.எம்.இ., அதாவது சூரியன் தூக்கி எறியும் பிளாஸ்மா மேகம், வேகமாகப் பாயும்போது அதன் முன்னால் எழும் அதிர்வலை. துகள் அந்த அலையை முன்னும் பின்னுமாகத் தாண்டித் தாண்டி, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஆற்றல் சேர்த்துக்கொள்கிறது. நெருங்கி வரும் இரண்டு சுவர்களுக்கு நடுவே மாட்டிய பந்து மாதிரி. நாள்கணக்கில் நீடிக்கும் பெரிய புரோட்டான் புயல்கள் இப்படித்தான் வருகின்றன.

கோவையிலிருந்து சார்ஜா போகும் பயணி: விமானத்தில் ஆபத்து உண்டா?

இல்லை. துருவத்தை ஒட்டிப் பறக்கும் விமானங்களைத்தான் துகள் புயல் நேரத்தில் திருப்பி விடுவார்கள்.

மூஞ்சிக்கல்லிலிருந்து, கிட்டத்தட்ட இதே கேள்வியுடன் இன்னும் எட்டுப் பேர்: எக்ஸ் ரக ஃப்ளேர் வெடித்தது என்று செய்தி வந்தது, ஆனால் துகள் புயல் எதுவும் வரவில்லையே, ஏன்?

இதை எத்தனை முறை எழுதியிருக்கிறேன்! சி, எம், எக்ஸ் என்பதெல்லாம் எக்ஸ்-கதிர் வெளிச்சத்தின் உச்ச அளவு மட்டுமே, ஒவ்வொரு படியும் முந்தியதைப்போல 10 மடங்கு. துகள் எத்தனை கிளம்பியது என்பதை அந்த எழுத்து சொல்லவே சொல்லாது. வெளிச்சம் எட்டு நிமிடத்தில் வந்துவிடும். துகள்கள் வந்தால் அரை மணியிலிருந்து சில மணி நேரத்துக்குள் வரும். சி.எம்.இ. மேகம் நம் பக்கம் கிளம்பியிருந்தால் ஒன்றிலிருந்து மூன்று நாள். மூன்றும் தனித்தனி. இவற்றை ஒரே தலைப்பில் "சூரியப் புயல் தாக்கியது" என்று போட்டுவிடுகிறார்கள், அதை நம்பி நீங்களும் பயப்படுகிறீர்கள், மறுநாள் ஒன்றும் நடக்கவில்லை என்றதும் அறிவியலே பொய் என்று எழுதுகிறீர்கள்.

2014 அக்டோபரை எடுத்துக்கொள்ளுங்கள். 24 ஆண்டுகளில் காணாத பெரிய கரும்புள்ளிக் கூட்டம், அதிலிருந்து ஆறு எக்ஸ் ரக ஃப்ளேர்கள். அந்த ஆறில் ஒன்றோடுகூடச் சொல்லிக்கொள்ளும்படி சி.எம்.இ. கிளம்பவில்லை. அதிர்வலை இல்லை, அதனால் பெரிய புரோட்டான் புயலும் இல்லை.

அப்புறம், வெடித்த இடமும் முக்கியம். கேரட் தோட்டத்தில் ஸ்பிரிங்க்ளர் சுழலும்போது தண்ணீர் வளைந்து விழுவதைப் பார்த்திருப்பீர்கள். சூரியனும் சுழன்றுகொண்டே பிளாஸ்மாவைக் காற்றுபோல வீசுவதால் அதன் காந்தக்கோடுகள் அப்படித்தான் வளைந்து கிடக்கின்றன, துகள்கள் அந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டுதான் வரும். நம்மோடு நேராக இணைந்திருக்கும் கோடு சூரியனின் மேற்குப் பக்கத்தில், நடுவிலிருந்து 50, 60 டிகிரி தள்ளி இருக்கிறது. கிழக்கு விளிம்பில் எவ்வளவு பெரிதாக வெடித்தாலும் துகள்கள் நம்மிடம் வரத் தாமதமாகும், பல சமயம் வரவே வராது. அதனால் இனி செய்தியைப் பார்த்ததும் இரண்டைக் கேளுங்கள்: சி.எம்.இ. கிளம்பியதா? எந்தப் பக்கம்? அதைக் கேட்காமல் எனக்கு எழுத வேண்டாம்.

கூடலூரிலிருந்து: 2015-ல் சூரியத் துகள்கள் ஊட்டியைத் தாக்கினவாமே?

தவறு. 2015 ஜூன் 22-ல் ஊட்டியின் கிரேப்ஸ்-3 மியுவான் தொலைநோக்கி (அண்டக் கதிர்கள் காற்றில் மோதும்போது பிறக்கும் துகள்களை எண்ணும் கருவி) சுமார் இரண்டு மணி நேரம் கதிர்கள் கூடியதைப் பதிவு செய்தது உண்மை. ஆனால் அவை சூரியனின் துகள்கள் அல்ல. சி.எம்.இ. மோதியதில் பூமியின் காந்தக் கவசம் தற்காலிகமாகத் தளர்ந்தது, அதனால் எப்போதும் வெளியே சுற்றும் அண்டக் கதிர்கள் கொஞ்சம் கூடுதலாக உள்ளே வந்தன. சூரியத் துகள்களை நேரடியாக அளக்க பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தொலைவில் இந்தியாவின் ஆதித்யா-எல்1 விண்கலம் இருக்கிறது.

பூம்பாறையிலிருந்து: நிலாவில் இருப்பவர்களுக்கு?

அவர்களுக்கு உண்மையான ஆபத்து. 1972 ஆகஸ்டில் மிகப் பெரிய துகள் புயல் வந்தது. அப்பல்லோ 16 ஏப்ரலில் திரும்பிவிட்டது, அப்பல்லோ 17 டிசம்பரில்தான் போனது. நடுவில் வந்ததால் தப்பினார்கள்.

பண்ணைக்காட்டிலிருந்து: பழைய எக்ஸ்ரே ஃபிலிமைக் கண்ணில் வைத்துக்கொண்டு பார்த்தால் ஃப்ளேர் தெரியுமா?

தெரியாது, கண்தான் போகும். எக்ஸ்ரே ஃபிலிம், புகை படிந்த கண்ணாடி, கூலிங் கிளாஸ் எதுவும் கூடாது. போன முறையும் சொன்னேன், அடுத்த முறையும் சொல்வேன்.