முதலில் மீட்டர், பிறகு பர்ஸ்: கார் பராமரிப்பு கேள்வி-பதில்

கேள்வி (சேலம்): காலையில் சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' சத்தம் மட்டும்தான். பேட்டரி போய்விட்டதென்று 5,400 ரூபாய்க்குப் புதிது வாங்கிப் போட்டேன். ஐந்தாம் நாள் மறுபடி அதே கதை. கடைக்காரர் "பேட்டரி நல்லாத்தான் இருக்கு" என்கிறார். ஏமாற்றுகிறாரா?

பதில்: அவர் உண்மை பேசவே வாய்ப்பு அதிகம். பழைய பேட்டரியைக் கழற்றும்முன் ஒரு மல்டிமீட்டர் வைத்துப் பார்த்திருந்தால் 5,400 ரூபாய் தப்பியிருக்கலாம்.

மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். இரவு முழுக்க ஓடாமல் நின்ற காரில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால்வாசி. 12.0 என்றால் ஏறக்குறைய காலி. கார் கிளம்பியபின் ஹெட்லைட்டைப் போட்டு மறுபடி பாருங்கள். 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். 13-க்குக் கீழேயே நின்றால் ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி), அதன் பெல்ட், ஒயரிங் மூன்றில் ஒன்றில் கோளாறு. அப்படிப்பட்ட காரில் எத்தனை புது பேட்டரி போட்டாலும் சில நாளில் காலியாகிவிடும்.

சார்ஜ் சரியாக ஏறுகிறது, ஆனால் இரவில் இறங்குகிறது என்றால் ஏதோ ஒன்று களவாகக் கரன்ட் இழுக்கிறது. காரைப் பூட்டி அரை மணி, முக்கால் மணி விடுங்கள். நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் டெர்மினலுக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியரில் இணையுங்கள். இணைத்தவுடன் காரின் கம்ப்யூட்டர்கள் சற்று விழித்துக்கொள்ளும், எண் இறங்கி நிற்கும்வரை பொறுங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் நின்றால் கவலையில்லை. அதைத் தாண்டினால் ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். எதைப் பிடுங்கும்போது எண் சட்டென்று இறங்குகிறதோ அந்த லைன்தான் திருடன். வெளியில் மாட்டிய மியூசிக் சிஸ்டம், டேஷ்கேம், ஜிபிஎஸ் மூன்றையும் முதலில் சந்தேகியுங்கள். மீட்டர் இப்படி இணைந்திருக்கும்போது காரை ஸ்டார்ட் செய்யக் கூடாது, மீட்டரின் ஃப்யூஸ் எரிந்துவிடும்.

டெர்மினலையும் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் நெகட்டிவை முதலில் கழற்றி, ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்துப் பழைய டூத் பிரஷால் தேய்த்து, காயவைத்து, மாட்டியபின் வாசலின் தடவுங்கள். மாட்டும்போது நெகட்டிவ் கடைசி.

இன்னொன்று. வாரண்டி கார்டில் '24+24' என்றிருந்தால் நான்கு வருடம் இலவசமாக மாற்றித் தருவார்கள் என்று பொருளில்லை. முதல் 24 மாதம்தான் இலவச மாற்று. அடுத்த 24 மாதத்தில் புது பேட்டரிக்கு ஒரு பங்கு தள்ளுபடி மட்டுமே. கார்டில் பேட்டரியின் சீரியல் எண்ணும் விற்ற தேதியும் எழுதியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

கேள்வி (ஈரோடு): அவசரத்துக்கு இன்னொரு காரின் பேட்டரியிலிருந்து கரன்ட் எடுத்து ஸ்டார்ட் செய்ய ஜம்பர் கேபிள் வாங்கலாமா? ஆன்லைனில் 350 ரூபாய்க்குக்கூடக் கிடைக்கிறது.

பதில்: அந்த 350 ரூபாய் கேபிளை நானும் வாங்கியிருக்கிறேன். உள்ளே இருந்தது செம்பு பூசிய அலுமினிய இழை. கார் கிளம்பவில்லை, கேபிளின் உறை உருகியதுதான் மிச்சம். தடிமனான உறையைப் பார்த்து ஏமாறாமல், உள்ளே முழுச் செம்புக் கம்பி என்றும், குறைந்தது 16 சதுர மில்லிமீட்டர் என்றும் எழுதியிருப்பதை வாங்குங்கள். டீசல் வண்டி என்றால் 25. மாட்டும் வரிசை: சிவப்பு முதலில் செத்த பேட்டரியின் பிளஸ், பிறகு நல்ல பேட்டரியின் பிளஸ். கறுப்பு முதலில் நல்ல பேட்டரியின் மைனஸ், கடைசி முனை செத்த காரின் எஞ்சின் இரும்பில், பேட்டரியை விட்டுத் தள்ளி. கடைசி முனை தொடும்போது பொறி பறக்கும். பேட்டரி அருகே ஹைட்ரஜன் வாயு இருக்கலாம் என்பதால்தான் இந்தத் தள்ளல்.

கேள்வி (மதுரை): ஒவ்வொரு ஏப்ரலும் ஏசி குளிர்ச்சி குறைகிறது. ஒர்க்‌ஷாப்பில் 2,200 ரூபாய்க்கு காஸ் நிரப்புகிறார்கள். இது மூன்றாவது வருடம். காஸ் வருடாவருடம் தீர்ந்துபோவது இயல்புதானே?

பதில்: இல்லை. இந்த ஒரு பொய்க்காக நம் ஊரில் வருடந்தோறும் எத்தனை குடும்பங்கள் பணம் கட்டுகின்றன என்று நினைத்தாலே எனக்குக் கோபம் வருகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஏசி காஸ் பெட்ரோல்போல எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்களுக்குள் அதே காஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. ரப்பர் ஹோஸ் வழியே பல வருடங்களில் மிகச் சிறிதளவு கசியலாம். ஆனால் ஒரே வருடத்தில் குளிர்ச்சி போகிறதென்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. கல்லடிபட்ட கண்டன்சர் (காரின் முன்பக்கம் இருக்கும், காஸின் சூட்டை வெளியேற்றும் பகுதி), குழாய் இணைப்புகளில் காய்ந்துபோன ஓ-ரிங், காஸ் ஏற்றும் வால்வின் பின், கம்ப்ரஸரின் முன்பக்க சீல், டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில் என்று சந்தேகப்பட வேண்டிய இடங்கள் இவைதான். காஸோடு கம்ப்ரஸர் ஆயிலும் சுற்றுவதால் கசியும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய தூசியும் தெரியும். பானெட்டைத் திறந்து டார்ச் அடித்து இணைப்புகளை நீங்களே பார்க்கலாம்.

உங்கள் ஒர்க்‌ஷாப் செய்வது, சிலிண்டரை மாட்டி பிரஷர் மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் காஸ் விடுவது. இரண்டு கெடுதல். உள்ளே புகுந்த காற்றும் ஈரமும் அப்படியே நிற்கின்றன. ஈரம் ஆயிலோடு சேர்ந்து அமிலமாகி கம்ப்ரஸரைத் தின்னும். அளவு தெரியாமல் கூடுதலாக ஏற்றினாலும் குளிர்ச்சி குறையும். சிறிய காருக்குப் பெரும்பாலும் 400 முதல் 600 கிராம் காஸ்தான் தேவை. சரியான கிராம் கணக்கு பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கரில் அச்சிட்டிருக்கும். எடை போட்டுத்தான் ஏற்ற வேண்டும்.

முறையான வேலை இப்படி இருக்கும்: மிச்ச காஸை மெஷினில் உறிஞ்சி எடை பார்ப்பார்கள். நைட்ரஜன் ஏற்றி சோப்பு நுரை தடவி ஓட்டையைக் கண்டுபிடிப்பார்கள். ஓட்டையைச் சரிசெய்வார்கள். பிறகு வேக்குவம் பம்பை அரை மணி நேரம் ஓட்டி, நிறுத்தி, பத்து நிமிடம் முள் நகராமல் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். அதன்பிறகுதான் காஸ். பில்லில் மூன்று விவரம் கேளுங்கள்: எத்தனை கிராம் எடுத்தார்கள், எத்தனை கிராம் ஏற்றினார்கள், ஓட்டை எங்கே இருந்தது. எழுதித் தர மறுக்கும் இடத்தில் வண்டியை விடாதீர்கள்.

அங்கே போவதற்கு முன் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை உண்டு. கேபின் ஃபில்டர் பல கார்களில் குளோவ்பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது, கழற்ற ஸ்க்ரூடிரைவர்கூடத் தேவைப்படாது. தூசி அடைத்திருந்தால் காற்று வராது, காஸ் முழுசாக இருந்தும் குளிராது. முன்பக்க கண்டன்சரை எஞ்சின் ஆறியபின் தோட்டக் குழாயின் மெல்லிய தண்ணீரால் கழுவுங்கள். வாட்டர்வாஷ் கன்னை அருகில் பிடித்தால் அதன் தகடுகள் மடிந்துவிடும். ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நிற்கும்போது சூடாகிறதா? கண்டன்சர் ஃபேனைப் பாருங்கள். காஸ் மேல் பழி போடாதீர்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): கூலன்ட் விலை அதிகம். ரேடியேட்டரில் போர்த் தண்ணீர் ஊற்றலாமா?

பதில்: கூடாது. நம் போர்த் தண்ணீரின் உப்பு உள்ளே பாறையாகப் படியும், அலுமினியத்தை அரிக்கும். கேனில் 'ரெடி மிக்ஸ்' என்றிருந்தால் அப்படியே ஊற்றுங்கள். 'கான்சென்ட்ரேட்' என்றால் கேனில் சொன்ன அளவுக்கு, பெரும்பாலும் சரிபாதி, டிஸ்டில்ட் வாட்டர் கலக்க வேண்டும். எஞ்சின் சூடாக இருக்கும்போது மூடியைத் தொடாதீர்கள். கூலன்ட் அடிக்கடி குறைகிறதென்றால் ஊற்றிக்கொண்டே இருக்காமல் கசிவைத் தேடுங்கள்.

கேள்வி (கோவை): காரின் கோளாறு எண்ணைப் படிக்கும் 600 ரூபாய் ஓபிடி ஸ்கேனரில் பி0171 வந்தது. வீடியோ பார்த்து ஆக்ஸிஜன் சென்சார் வாங்கி மாட்டினேன். போகவில்லை. முதல் சென்சார் டூப்ளிகேட் என நினைத்து இரண்டாவதும் வாங்கினேன். அப்படியும் எஞ்சின் லைட் எரிகிறது. கடையில் திருப்பி எடுக்க மறுக்கிறார்கள். பில் இல்லை.

பதில்: அந்தக் கோளாறு எண் 'எஞ்சினுக்குள் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு' என்று மட்டுமே சொல்கிறது. அதைக் கண்டுபிடித்துச் சொன்னது ஆக்ஸிஜன் சென்சார். சேதி கொண்டுவந்தவனை இரண்டு முறை மாற்றியிருக்கிறீர்கள். ஒரு முறை தவறியது புரிகிறது, அதே பார்ட்டை மறுபடி வாங்கியதற்கு எந்தக் கடையையும் குறை சொல்ல முடியாது.

அதே ஸ்கேனரில் ஃப்யூயல் டிரிம் எண்களைத் திறங்கள், கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்று அவை காட்டும். ஐடிலில் +20 அளவுக்கு ஏறி, 2,500 ஆர்பிஎம்மில் இயல்புக்கு இறங்கினால் எங்கோ காற்று கசிந்து நுழைகிறது. ஏர் ஃபில்டர் பெட்டிக்கும் திராட்டிலுக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாயில் வெடிப்பு, கழன்றுபோன வேக்குவம் ஹோஸ் இவற்றைத் தேடுங்கள், 'உஸ்' சத்தமே காட்டிக்கொடுக்கும். எண் வேகம் கூடக்கூட ஏறினால் பெட்ரோல் பம்ப் அல்லது ஃபில்டர்.

சென்சாரில் குறை இல்லையென்றால் திருப்பி எடுக்கும்படி கடையை வற்புறுத்த வழியில்லை. ஆனால் பில் தராதது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். அதைக் கேட்டு வாங்காதது உங்கள் தவறு.

கேள்வி (திருச்சி): டயருக்கு நைட்ரஜன் அவசியமா?

பதில்: இல்லை. மாதம் இருமுறை டயர் சூடாகும்முன் காற்றழுத்தம் பாருங்கள், அளவு டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும்.

கேள்வி (சென்னை): யூஸ்டு கார் கடையில் 4.3 லட்சத்துக்கு வாங்கினேன். 'ஒரே ஓனர், எந்த ஆக்சிடென்ட்டும் இல்லை' என்று எழுதியே தந்தார்கள். இரண்டு மாதத்தில் பவர் விண்டோ, ஸ்டீரியோ, ஏர்பேக் லைட் எல்லாம் கோளாறு. மெக்கானிக், வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்கிறார். என்ன செய்வது?

பதில்: இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் நீரில் நின்ற வண்டிகள் ஏராளம். வெளியே பாலிஷ் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது.

ஆதாரத்தை முதலில் திரட்டுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கோடு தெரியும். சீட்டுக்கு அடியில் தண்டவாளங்களிலும் போல்ட்டுகளிலும் துரு, ஸ்டெப்னிக் குழியில் வண்டல், கார்ப்பெட்டுக்கு அடியில் ஈரவாடை. சாவியை ஆன் செய்யும்போது ஏர்பேக் விளக்கு ஒருமுறை எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் விளக்கை யாரோ துண்டித்திருக்கிறார்கள் என்று சந்தேகியுங்கள். எல்லாவற்றையும் தேதியோடு போட்டோ எடுங்கள். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் கட்டணம் கட்டி எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். அதுவரை எந்தப் பார்ட்டையும் மாற்றாதீர்கள், மாற்றினால் சாட்சி போய்விடும்.

பிறகு கடைக்கு ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ், 15 நாள் கெடு. அசையவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை, ஆன்லைனிலும் மனு போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அவர்கள் எழுதித் தந்த அந்தத் தாள்தான் உங்கள் பெரிய பலம், அதன் ஒரிஜினலை யாரிடமும் கொடுக்காதீர்கள். விற்றது கடை என்பதால் இந்த வழி திறந்திருக்கிறது. தனிநபரிடம் வாங்கியவர்கள் சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

கேள்வி (வேலூர்): பிரேக்கில் கீச் சத்தம். டிஸ்க்கில் கொஞ்சம் ஆயில் விட்டால் நிற்குமா?

பதில்: சத்தத்தோடு பிரேக்கும் நிற்கும், வண்டி நிற்காது. விடவே விடாதீர்கள். பிரேக் பேட் தேய்ந்ததை எச்சரிக்கவே சில கார்களில் பேடில் உள்ள ஒரு சிறு தகடு டிஸ்க்கில் உரசிக் கீச்சிடுகிறது. சக்கரத்தின் இடைவெளி வழியே டார்ச் அடித்துப் பாருங்கள், பேடின் கனம் 3 மில்லிமீட்டருக்கு வந்திருந்தால் இந்த வாரமே மாற்றுங்கள். பழைய பேடைக் கையில் கேட்டு வாங்குங்கள்.