சாவி யாரிடம் இருக்கும்?

கேள்வி: அமெரிக்காவில் வேலை பார்க்கிறேன். குடியுரிமை வாங்கி நாலு வருடம் ஆகிறது. மாதத்தில் பத்து நாள் வேலை விஷயமாக வெளியூர் போகவேண்டியிருக்கிறது. அந்த இரவுகளில் மனைவியும் மூன்று வயது மகளும் வீட்டில் தனியாக இருக்கிறார்கள். பயமாக இருக்கிறது என்று அவள் அடிக்கடி சொல்கிறாள். என்னிடம் ஏற்கெனவே க்ளாக் 19 என்ற 9 எம்எம் பிஸ்டல் ஒன்று இருக்கிறது. அவளுக்கென்று தனியாக ஒன்று வாங்கி, பிறந்தநாளன்று கொடுத்து அசத்தலாம் என்றிருக்கிறேன். அவளுக்குத் துப்பாக்கிப் பழக்கமே கிடையாது, கையும் சின்னது. கைப்பையில் அடங்கும் லேசான .38 ரிவால்வர் வாங்கு என்கிறார் ஒரு நண்பர். .380 பிஸ்டல் போதும் என்கிறார் இன்னொருவர். எது பொருத்தமாக இருக்கும்? பாதுகாப்பைப் பற்றிக் கவலை வேண்டாம், துப்பாக்கியைப் பூட்டி வைக்கும் பெட்டியின் சாவியை நானே வைத்துக்கொள்வேன். அவளுக்குக் கோபம் வந்தால் என்ன செய்வாள் என்று சொல்ல முடியாது (சும்மா தமாஷுக்கு!).
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தம்பி, ரிவால்வரா பிஸ்டலா என்பதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்தச் சாவி.

மாதத்தில் பத்து நாள் நீங்கள் வீட்டில் இல்லை. துப்பாக்கி வாங்குவதே அந்தப் பத்து நாளுக்காகத்தான். சாவி உங்கள் சட்டைப் பையில், நீங்கள் வேறு ஊரில். நடு ராத்திரி எவனோ பின்கதவை உடைக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் மனைவி என்ன செய்யவேண்டும்? உங்களுக்குப் போன் போட்டு, எந்த விமானத்தில் வருகிறீர்கள் என்று கேட்கவேண்டுமா? நீங்கள் வீட்டிலிருக்கும் இருபது நாளும் அந்தப் பெட்டி திறக்கும். இல்லாத பத்து நாளும் திறக்காது. தோட்டாவின் அளவு வரைக்கும் விசாரித்து எழுதத் தெரிந்த உங்களுக்கு இது தோன்றவே இல்லை.

மனைவி பேரில் கார் வாங்கிவிட்டுச் சாவியைத் தானே வைத்துக்கொள்பவர், மனைவிக்கு வங்கிக் கணக்கு தொடங்கிவிட்டு கார்டைத் தன் பர்ஸில் செருகிக்கொள்பவர் என்று இந்தப் பக்கத்துக்கு எழுதுகிறவர்கள் நிறையப் பேர். எல்லோரும் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: அவள் பாதுகாப்புக்காக. கார், கார்டு என்றால் நாலு திட்டு திட்டிவிட்டு அடுத்த கடிதத்துக்குப் போய்விடுவேன். நீங்கள் கேட்பது துப்பாக்கி. அப்படிப் போக முடியவில்லை.

அடைப்புக்குறிக்குள் தமாஷ் என்று போட்டிருக்கிறீர்களே, அதைக் கொஞ்சம் தமாஷ் இல்லாமல் பார்ப்போம். கோபம் வந்தால் என்ன செய்வாள் என்று சொல்ல முடியாது என்கிறீர்கள். இது நிஜமான பயமா, இல்லையா? இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள்.

நிஜம் என்றால் பேச்சு இங்கேயே முடிகிறது. அந்த வீட்டுக்குள் இன்னொரு துப்பாக்கி வரக்கூடாது, இருப்பதும் வெளியே போகவேண்டும். மகள் பிறந்த பிறகு உங்கள் மனைவி சரியாகத் தூங்கினாரா? காரணமில்லாமல் அழுதாரா? எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தாரா? இப்போதும் அப்படி ஏதாவது இருக்கிறதா? கலிஃபோர்னியாவில் லட்சக்கணக்கானவர்களின் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2020-ல் வெளிவந்தது. கைத்துப்பாக்கி சொந்தமாக இல்லாத பெண்களைவிட, வைத்திருக்கும் பெண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொண்டது சுமார் 35 மடங்கு அதிகம். ஆண்களிடம் அந்த வித்தியாசம் சுமார் 8 மடங்கு. மனச்சோர்வு என்று ஒரு துளி சந்தேகம் இருந்தாலும் கடைக்குப் போகாதீர்கள், டாக்டரிடம் போங்கள். உங்கள் க்ளாக்கையும் மாநிலச் சட்டம் அனுமதிக்கும் வழியில் வீட்டுக்கு வெளியே ஒப்படையுங்கள். சாவியை ஒளித்து வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்கவேண்டாம். ஒரே வீட்டில் வாழ்கிறவருக்குச் சாவி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க எத்தனை நாள் ஆகும்?

நிஜமில்லை, விளையாட்டாகத்தான் எழுதினேன் என்றால், நீங்கள் பெற்ற பிள்ளையை மாதம் பத்து நாள் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்ளும் பெண்ணை, ஒரு சாவியை நம்பிக் கொடுக்க முடியாதவள் என்று ஊர் பேர் தெரியாத என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள். அதுவும் சிரித்துக்கொண்டு.

இதைவிடக் கசப்பான ஒன்றையும் கேட்டே ஆகவேண்டும். உங்கள் இருவருக்கும் சண்டை வரும்போது, பெட்டியைத் திறக்க முடிந்தவர் நீங்கள் ஒருவர்தான். அவர் அதை நினைத்திருக்க மாட்டார் என்றா எண்ணுகிறீர்கள்? அதே கலிஃபோர்னியாவில் 2004 முதல் 2016 வரையிலான பதிவுகளைப் பார்த்த ஆய்வு 2022-ல் வந்தது. தன்னிடம் துப்பாக்கி இல்லாமல், கைத்துப்பாக்கி வைத்திருப்பவரோடு ஒரே வீட்டில் வாழ்கிறவர்களைப் பற்றியது அது. துப்பாக்கியே இல்லாத வீட்டில் இருப்பவர்களைவிட இவர்கள் கொலையாவது இரண்டு மடங்குக்கும் மேல். வீட்டுக்குள்ளேயே கணவன், மனைவி அல்லது துணையால் சுடப்பட்டுச் சாவது சுமார் ஏழு மடங்கு. அப்படிச் செத்தவர்களில் 84 சதவீதம் பெண்கள். உங்களை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் இந்தத் தமாஷை உங்கள் மனைவி காதுபடவும் சொல்லியிருக்கிறீர்களா என்று எனக்குத் தெரியவேண்டும். கோபத்தையும் துப்பாக்கியையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்துச் சிரிக்கிற பேச்சு ஒரு குடும்பத்துக்குள் இருக்கக்கூடாது. என் வீட்டில் யாரும் அப்படிப் பேசியதில்லை, பேசினால் விடவும் மாட்டேன்.

சரி, கேட்டதற்கு வருகிறேன். உங்கள் இரண்டு நண்பர்களும் சொன்னது பாதி தப்பு.

சின்னக் கைக்குச் சின்னத் துப்பாக்கி என்பது கேட்க நன்றாக இருக்கும், சுட்டுப் பார்த்தால் தெரியும். எடை குறையக் குறைய உதை, அதாவது சுட்டதும் துப்பாக்கி கையைப் பின்னால் தள்ளும் வேகம், அதிகம். கைப்பையில் அடங்கும் அலுமினியச் சட்டம் போட்ட .38 ரிவால்வர் சுமார் 400 கிராம்தான் இருக்கும், உங்கள் க்ளாக் 19 தோட்டா இல்லாமலே 600 கிராம். அந்த 400 கிராம் பொருளில் .38 ஸ்பெஷல் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் உதை முழுக்க உள்ளங்கையில் இறங்கும். சின்ன ரிவால்வர்களில் டிரிக்கரை இழுக்க 5 கிலோ விசைக்குப் பக்கம் வேண்டும். 400 கிராம் பொருளை அசையாமல் பிடித்துக்கொண்டு 5 கிலோவை ஒரே விரலால் இழுக்கவேண்டும். குழலும் குட்டை, குறி வைக்கும் முனையும் குட்டை. இது பல வருடம் சுட்டுப் பழகியவர்கள் சட்டைக்குள் மறைத்து வைத்துக்கொள்கிற ஆயுதம். பழக்கமே இல்லாதவர் கையில் முதல் நாள் இதைக் கொடுத்தால், இரண்டாவது நாள் அவர் வரமாட்டார்.

.380 தோட்டாவின் உதை குறைவு என்பது சரிதான். ஆனால் சில .380 பிஸ்டல்களில், சுடும் நொடியில் குழலையும் ஸ்லைடையும் (தோட்டா ஏற்றுவதற்காகப் பின்னால் இழுக்கிற மேல்பாகம்) பூட்டிப் பிடிக்கும் அமைப்பு கிடையாது. ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கின் விறைப்புமே எல்லாவற்றையும் தாங்கவேண்டும். அதனால் ஸ்பிரிங்கை விறைப்பாக வைத்திருப்பார்கள், பின்னால் இழுப்பதற்குள் மணிக்கட்டு நொந்துபோகும். இந்தத் தொல்லைக்காகவே ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 2018-ல் எளிதாக இழுபடும் ஸ்லைடோடு .380 ஷீல்டு ஈஸியைக் கொண்டுவந்தது. 2020-ல் அதையே 9 எம்எம்மில் செய்தது. கையில் வலு குறைந்தவர்கள் பார்க்கவேண்டியது இந்த வகையை. மற்றபடி, நடுத்தர அளவு 9 எம்எம் பிஸ்டல் ஒன்றைப் பெரும்பாலான பெண்கள் தாராளமாகக் கையாளுகிறார்கள். ஸ்லைடு வரவில்லை என்று கைவிடுகிறவர்களில் பலருக்கு அதை எப்படி இழுப்பது என்று யாரும் காட்டித் தந்ததில்லை. இடது உள்ளங்கை முழுவதையும் ஸ்லைடின் மேல் கவிழ்த்துப் பற்றி, துப்பாக்கியை நெஞ்சுக்கு அருகே கொண்டுவந்து, வலது கையால் பிடியை முன்னால் தள்ளவேண்டும். குழல் எப்போதும் இலக்கு இருக்கும் பக்கமே பார்க்கவேண்டும், விரல் டிரிக்கருக்கு வெளியே.

பொருந்துகிறதா என்று பார்ப்பது அவர் கையை வைத்துத்தான். தோட்டா இல்லாததை இருமுறை திறந்து பார்த்துவிட்டு, அவர் பிடிக்கட்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள வளைவு பிடியின் பின்பக்கத்தில் நேராக உட்காரவேண்டும். அப்படி உட்கார்ந்தபடியே, ஆள்காட்டி விரல் நுனியின் சதை டிரிக்கரின் நடுவில் படவேண்டும். எட்டவில்லை என்று கையைத் திருகிப் பிடித்தால், உதை கட்டைவிரல் மூட்டில் போய் விழும். இப்போது சொல்லுங்கள், இதை எப்படிப் பரிசுத்தாள் சுற்றி ஆச்சரியமாகக் கொடுப்பீர்கள்? உங்கள் கடிதத்தில் க்ளாக் இருக்கிறது, .38 இருக்கிறது, இரண்டு நண்பர்களின் அபிப்பிராயம் இருக்கிறது. துப்பாக்கி வேண்டும் என்று அவர் சொன்னதாக ஒரு வரி இல்லை. பயமாக இருக்கிறது என்று மட்டும் சொல்லியிருக்கிறார். எதைப் பார்த்துப் பயம் என்று உட்கார்ந்து கேட்டீர்களா? பின்கதவுத் தாழ்ப்பாளா, தெருவில் யாராவது தொந்தரவு செய்கிறானா, அல்லது ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் கூட ஆள் இல்லையே என்பதா? கடைசிப் பயத்துக்கு எந்த அளவுத் தோட்டாவும் உதவாது. அந்தப் பத்து நாளை ஐந்தாகக் குறைக்க மேலதிகாரியிடம் பேசுவது ஒரு கணவன் முதலில் செய்யவேண்டிய காரியம். பேசிப் பார்த்தேன், முடியவில்லை என்று நீங்கள் எழுதவில்லை.

அவர் சரி என்றால், முதலில் ஒரு பயிற்சியாளர், நீங்கள் வேண்டாம். கார் ஓட்டவும் துப்பாக்கி சுடவும் புருஷனிடம் கற்றுக்கொள்ளக்கூடாது என்பது என் கட்சி. முதல் நாள் சின்னத் தோட்டா போடும் .22 துப்பாக்கி, உதை அவ்வளவாக இருக்காது, மேகசினில் (தோட்டா அடுக்கும் கூட்டில்) ஒரே ஒரு தோட்டா. காதுக்குள் அடைப்பானும் அதன் மேல் இயர்மஃபும், இரண்டும் வேண்டும். துப்பாக்கிச் சத்தம் 140 டெசிபெலுக்கு மேல், கூரை போட்ட ரேஞ்சில் (சுட்டுப் பழகும் கூடத்தில்) இன்னும் கொடுமை. கண்ணாடியும் போடவேண்டும். அடுத்த பிள்ளை வயிற்றில் இருந்தால் ரேஞ்சுப் பக்கமே வேண்டாம், அந்தக் காற்றில் ஈயம் இருக்கும், சத்தமும் கருவுக்கு ஆகாது. பழகிய பிறகு வாடகைக்கு நாலைந்து துப்பாக்கிகளைச் சுட்டுப் பார்த்து அவரே தேர்ந்தெடுக்கட்டும். ஒருவேளை உங்கள் க்ளாக் 19-ஏ அவருக்குப் பிடித்துப்போகலாம், செலவும் மிச்சம்.

இன்னொன்று. உங்களுக்குக் குடியுரிமை இருக்கிறது என்றீர்கள், அவருக்கு என்ன இருக்கிறது என்று எழுதவில்லை. எச்-1பி, எச்-4, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். வேட்டை உரிமம் மாதிரி சில விதிவிலக்குகள்தான் உண்டு. தெரிந்தே கொடுத்தால் உங்கள் பேரிலும் வழக்கு வரும், பரிசு என்று சொல்லித் தப்ப முடியாது. கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை. மாநிலச் சட்டம் தனி, அதையும் பாருங்கள்.

கைப்பை என்ற பேச்சையே விட்டுவிடுங்கள். மூன்று வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில், சோபாவிலும் தரையிலும் கிடக்கிற கைப்பைக்குள் துப்பாக்கியா? அந்த வயதில் ஒரு விரலால் டிரிக்கரை இழுக்கத் தெம்பு இருக்காது என்று நம்பாதீர்கள். சின்னப் பிள்ளைகள் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, இரண்டு கட்டைவிரலையும் வைத்து அழுத்துவார்கள். அப்போது குழல் எந்தப் பக்கம் பார்க்கும் என்று யோசியுங்கள்.

ஆகவே பூட்டு வேண்டும், சந்தேகமே இல்லை. சாவி இல்லாத பூட்டாக வாங்குங்கள். பொத்தான்களை வரிசையாக அழுத்தித் திறக்கும் இயந்திரப் பூட்டில் பேட்டரித் தொல்லையும் இல்லை, இருட்டில் தடவியே திறக்கலாம். சுவரிலோ கட்டில் சட்டத்திலோ திருகாணி போட்டு இறுக்குங்கள். எண் என்ன என்பதை அவர் தீர்மானிக்கட்டும். பிள்ளையின் பிறந்தநாளை வைக்கவேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள். அவரே அதைத் திறந்து மூடி, கண்ணை மூடிக்கொண்டும் திறந்து காட்டட்டும், நீங்கள் ஊரில் இருக்கும்போதே. உங்கள் க்ளாக்கும் அதே பெட்டிக்குள் போகட்டும்.

முதலில் இந்தக் கடிதத்தையும் பதிலையும் அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள், அந்த அடைப்புக்குறியோடு. துப்பாக்கியே வேண்டாம், இருப்பதையும் எடுத்துக்கொண்டு போ என்று அவர் சொன்னால், எதிர்த்துப் பேசாமல் கேட்டுக்கொள்ளுங்கள். வேண்டும் என்றால் கடைக்கு அவரோடு போங்கள். கடைக்காரர் உங்கள் முகத்தைப் பார்த்துப் பேச ஆரம்பிப்பார், பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரண்டடி பின்னால் நில்லுங்கள்.