மாப்பிள்ளைக்கு எச்-இண்டெக்ஸ் 19: டாக்டரம்மா பதில்கள்

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம். என் மகள் நர்சிங் படித்துவிட்டு ராமநாதபுரத்தில் வேலை பார்க்கிறாள். பெங்களூரிலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது. பையனுக்கு 34 வயது, மருத்துவ ஆராய்ச்சியாளர். பயோடேட்டாவில் சம்பளத்துக்கும் மேலே, ‘கட்டுரைகள் 41, சைட்டேஷன் 6,200, எச்-இண்டெக்ஸ் 19’ என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். புரோக்கரைக் கேட்டால் ‘பெரிய நம்பரும்மா’ என்கிறார். மகளோ சிரிக்கிறாள். இது நல்ல நம்பர்தானா?
– ஒரு தாய், தேவிபட்டினம்

பதில்: கடலுக்குள்ளேயே நவக்கிரகத்தை வைத்திருக்கிற ஊர்க்காரர் நீங்கள். ஜாதகத்தை அங்கே முடித்துக்கொண்டு எச்-இண்டெக்ஸுக்கு மட்டும் என்னிடம் வந்திருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய பயோடேட்டா நகலின் பின்பக்கத்தில் உங்கள் வீட்டு ஏலக் கணக்கு இருந்தது: நண்டு 14 கிலோ, காரல் 3 கூடை, சீலா ஒன்றே ஒன்று. அதை வைத்தே சொல்லிவிடுகிறேன்.

ஒருவர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையை இன்னொருவர் தன் கட்டுரையில் ‘இன்னார் இப்படிக் கண்டார்’ என்று எடுத்துச் சொன்னால் அது ஒரு சைட்டேஷன், மேற்கோள். எச்-இண்டெக்ஸ் என்பது 2005இல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியல்காரர் கொண்டுவந்த கணக்கு. ஏலத்துக்கு மீன் பரப்புகிற மாதிரி, கட்டுரைகளைப் பெரிசிலிருந்து சிறிசு வரை வரிசையாக வையுங்கள். முதல் கட்டுரைக்கு 40 மேற்கோள், அடுத்ததற்கு 22, பிறகு 9, 6, 5, 3, 1 என்று வைத்துக்கொள்வோம். எண்ணிக்கொண்டே வந்தால், ஐந்தாவது கட்டுரைக்கு 5 இருக்கிறது. ஆறாவதற்கு 6 இருக்க வேண்டும், 3தான் இருக்கிறது. அங்கே நின்றுவிட வேண்டும். எச்-இண்டெக்ஸ் 5. சீலா எவ்வளவு பெரிசானாலும் இந்தக் கணக்கில் அது ஒரு மீன்தான். காரல் பொடிமீனைக் கூடை கூடையாகக் கொட்டினாலும் கணக்கு ஏறாது.

இப்போது மாப்பிள்ளைக்கு வருவோம். 19 என்றால், 19 கட்டுரைகளுக்குக் குறைந்தது 19 மேற்கோள் வீதம் வந்திருக்கிறது. 19ஐ 19ஆல் பெருக்கினால் 361. ஆக, 6,200இல் 361க்குத்தான் இந்த 19 சாட்சி சொல்கிறது. மிச்சம் 5,800 சொச்சம் எங்கே இருக்கிறது? எல்லாக் கட்டுரைகளிலும் பரவியும் இருக்கலாம், ஒரே கட்டுரையில் குவிந்தும் இருக்கலாம். உலக நோய்ச்சுமைக் கணக்கெடுப்பு மாதிரியான கட்டுரைகளில் நூற்றுக்கணக்கானோர் பெயர் போட்டிருப்பார்கள். மேற்கோள் ஆயிரக்கணக்கில் வரும். அந்தக் கூட்டத்தில் ஒருவராக இருப்பது தப்பில்லை. ஆனால் அது ஊரே சேர்ந்து இழுத்த கரைவலை, தன் பங்கு எவ்வளவு என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

அதனால் நம்பரை விட்டுவிட்டுப் பெயர் வரிசையைப் பாருங்கள். மருத்துவக் கட்டுரைகளில் பெரும்பாலும் வலை இழுத்தவர் முதல் பெயர், சம்மாட்டி, அதாவது ஆய்வுக்குத் தலைவர், கடைசிப் பெயர். 41இல் எத்தனை கட்டுரையில் பையன் பெயர் முதலில் இருக்கிறது? உங்கள் மகள் கம்ப்யூட்டரில் பத்து நிமிடத்தில் பார்த்துவிடுவாள். எந்தத் தராசில் நிறுத்த நம்பர் என்றும் கேட்கச் சொல்லுங்கள். கூகுள் ஸ்காலர் தாராளமான தராசு, மாணவர் ஆய்வேடுகளையும் சேர்த்து எண்ணும். ஸ்கோபஸ் என்ற இன்னொரு தராசில் அதே ஆளுக்கு நம்பர் குறைவாகத்தான் இருக்கும். தன்னைத் தானே குறிப்பிட்டுக்கொள்வதும் கணக்கில் சேரும். நானே ஓய்வு பெறுவதற்குள் 4 கட்டுரை எழுதினேன், மொத்தம் 11 மேற்கோள், அதில் 3 என் கைங்கர்யம்.

இன்னொன்று. மேற்கோள் என்றாலே பாராட்டு என்று நினைத்துவிடாதீர்கள். தட்டம்மைத் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சுப்போட்டு, 12 குழந்தைகளை வைத்து ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் 1998இல் ‘லான்செட்’ பத்திரிகையில் எழுதினார். 2010இல் பத்திரிகையே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்தக் கட்டுரைக்கும் மேற்கோள் ஏராளம், பெரும்பகுதி ‘இது தப்பு’ என்று சொல்ல வந்தவை. எண்ணுகிற இயந்திரத்துக்குத் திட்டும் ஒன்று, புகழும் ஒன்று.

மறுபக்கம் கல்கத்தாவின் சம்புநாத் டே. காலராக் கிருமியை வடிகட்டி எடுத்துவிட்டு, மிச்ச நீரை மட்டும் முயலின் குடலில் செலுத்திப் பார்த்தார். கிருமியே இல்லாமல் குடலில் நீர் கோத்துக்கொண்டது. ஆளைச் சாய்ப்பது கிருமி விடுகிற நஞ்சு என்று 1959இல் ‘நேச்சர்’ பத்திரிகையில் எழுதினார். பல வருடம் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1985இல் இறந்துபோனார். மறு வருடம் அவர் பெருமையை விரிவாக எழுதியது யார் தெரியுமா? மேற்கோள்களை எண்ணும் அட்டவணையை 1964இல் தொடங்கிவைத்த யூஜின் கார்ஃபீல்டேதான். அன்றைக்கு டே வீட்டில் பெண் கேட்டு யாராவது எச்-இண்டெக்ஸ் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ.

நம் சென்னையையும் சொல்லாமல் விட மனசு வரவில்லை. 1956இல் அங்கே காசநோய் மருந்து ஆய்வு மையம் ஒன்று தொடங்கினார்கள். நோயாளிகளில் பாதிப் பேரைச் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் வைத்தும் மீதிப் பேரை அவரவர் வீட்டிலேயே வைத்தும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, முழு ஓய்வு. வீட்டிலோ நெருக்கடியும் அரைவயிறும். குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை, வீட்டில் இருந்தவர்களுக்கும் கூடுதலாகத் தொற்றவில்லை. 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்தது. (தாம்பரத்துக்குப் பக்கத்து ஸ்டேஷனுக்குச் சானடோரியம் என்ற பெயர் மட்டும் இன்னும் இருக்கிறது.) நான் திருப்பாலைக்குடிப் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தபோது, பாசி எடுக்கப் போகிற ஒரு பெண் காசநோய் மாத்திரையை மஞ்சள் பையில் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு போவாள். அந்த ஆறு மாதமும் பிள்ளைகளை விட்டு அவள் எங்கேயும் போகவில்லை. சீட்டு எழுதிக் கொடுத்த நானும் அந்தச் சென்னைக் கட்டுரையை எங்கேயும் மேற்கோள் காட்டவில்லை.

கேட்டதற்கு நேராகப் பதில்: 34 வயதில் 19 என்பது உழைத்த பையன்தான். பெண் பார்க்க வரும்போது, முதல் பெயராக எழுதிய கட்டுரை ஒன்றைத் தமிழில் உங்களுக்குப் புரியும்படி சொல்லச் சொல்லுங்கள். காபி ஆறுவதற்குள் சொல்லி முடித்தால் மேற்கொண்டு பேசலாம். உங்கள் மகளிடம் அவள் வேலையைப் பற்றி அவர் ஏதாவது கேட்கிறாரா என்பதையும் கவனியுங்கள். அதற்கு இண்டெக்ஸ் எதுவும் வரவில்லை.

கேள்வி: திருக்கை முள் குத்தினால் காலை வெந்நீரில் வைக்கச் சொல்வார்கள் எங்கள் பெரியவர்கள். படித்த பிள்ளைகள் ஐஸ் வை என்கிறார்கள். ஆராய்ச்சி என்ன சொல்கிறது?
– படகு டிரைவர், பாம்பன்

பதில்: பெரியவர்கள் பக்கம்தான். திருக்கை நஞ்சு ஒரு புரதம், சூட்டில் கெடும். 2006இல் அவசர சிகிச்சை மருத்துவ இதழ் ஒன்று அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, கடல் உயிரிகள் குத்தியதற்கு வெந்நீர் பலன் தருகிறது என்று எழுதியது. 2007இல் 119 திருக்கைக் குத்துகளை அலசிய கட்டுரையும் அதையே சொன்னது. சூடு 45 டிகிரியைத் தாண்டக் கூடாது, அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை வைக்கலாம். வலியில் சூடு உறைக்காது, காலை வேகவைத்துவிடுவீர்கள். அதனால் குத்துப்படாத காலை முதலில் விட்டுப் பாருங்கள். படகில் டீ போடுகிற அடுப்பு இருக்குமே, அது போதும். முள்ளுக்கு இரண்டு பக்கமும் ரம்பம், துண்டு உள்ளே ஒடிந்து நிற்கும். கரை சேர்ந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போய் அதைப் பார்க்கச் சொல்லி, டி.டி. ஊசியும் போட்டுக்கொள்ள வேண்டும். மார்பிலோ வயிற்றிலோ கழுத்திலோ குத்தி நின்றால் பிடுங்கவே கூடாது, அப்படியே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

கேள்வி: மேடம், பணம் கட்டினால் மூன்றே நாளில் கட்டுரை வெளியிடுவதாக ஒரு பத்திரிகையிலிருந்து மெயில் வந்திருக்கிறது. கட்டலாமா?
– மருத்துவ மாணவர், ராமநாதபுரம்

பதில்: கட்டாதீர்கள். விஷயம் தெரிந்த இரண்டு பேர் ஒரு கட்டுரையைப் படித்துக் குறை சொல்லி, நீங்கள் திருத்தி அனுப்பவே மாதக்கணக்கில் ஆகும். மூன்று நாளில் ரசீது மட்டும்தான் தயாராகும். பதவி உயர்வு அவசரத்தில் நானும் ஒருமுறை கட்டினேன். என் பெயரிலேயே எழுத்துப்பிழையோடு போட்டார்கள். திருத்தக் கேட்டால் அதற்குத் தனிக் கட்டணமாம். இப்போது அந்த முகவரியைத் தட்டினால் ஷூ விளம்பரம் வருகிறது.