பட்டி வைத்த இடத்திலேயே திரும்பக் கறள் வந்தால்

நோர்வூட் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: அப்பா காலத்து மொரிஸ் மைனர் கார், கதவுக்குக் கீழே ஓரமெல்லாம் கறள். போன வருஷம் கராஜில் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) வைத்துப் பெயின்ட் அடித்தார்கள், ஒரு மழைக்காலம் தாங்கவில்லை, அதே இடத்தில் கொப்புளம். மறுபடியும் பட்டி வைக்கலாமா, வெட்டி எடுக்க வேண்டுமா?

வெட்டித்தான் ஆக வேண்டும். கதவுக்குக் கீழே இருக்கும் 'சில்' உள்ளே வெற்றிடமான ஒரு தகரப் பெட்டி. அடியில் தண்ணீர் வடிய விட்ட துளைகள் சேற்றில் அடைபட்டால் உள்ளே போனது அங்கேயே நிற்கும், அதனால் கறள் உள்ளே தொடங்கித்தான் வெளியே வருகிறது, நீங்கள் கொப்புளத்தைப் பார்க்கும்போது அந்தத் தகரம் முக்கால்வாசி போயிருக்கும். நம்ம மலைநாட்டுப் பக்கம் கடல் உப்பு இல்லைதான், ஆனால் மே தொடங்கி செப்டெம்பர் வரை மழை, மழை விட்டால் மூடுபனி, இரவில் குளிர்ந்த தகரம் உள்பக்கமாகவே வியர்க்கும். தோட்டத்து உர மூட்டை ஏற்றிய வண்டி என்றால் கேட்கவே வேண்டாம், சிந்திய அமோனியம் சல்பேட்டும் பொட்டாஷும் ஈரத்தோடு சேர்ந்து தரைத் தகரத்தைத் தின்றுவிடும். பட்டியோ தண்ணீரை உறிஞ்சும் சாமான். கறளுக்கு மேல் அதை அப்பினால் ஈரத்தைக் கட்டி வைத்த மாதிரி.

முதலில் ஒரு பழைய ஸ்க்ரூ ட்ரைவரால் சில் முழுக்கக் குத்திப் பாருங்கள். டிங் என்று கேட்டால் தகரம் இருக்கிறது, மொத்தென்று உள்ளே இறங்கினால் இல்லை. பின்பக்க ஸ்பிரிங் பூட்டியிருக்கும் இடங்கள், முன்சக்கரத்துக்கு உள்பக்கம், ஜாக் வைக்கும் இடம், இவற்றையும் விடாதீர்கள். ஏன் சொல்கிறேன் என்றால் மைனருக்குத் தனியாக சேஸி, அதாவது அடிச்சட்டம், கிடையாது, வண்டியின் உடல்தான் எலும்பு. (தோட்டத்துப் பழைய லேண்ட் ரோவர் வேறு கதை, மேலே அலுமினியம் பளபளக்கும், அடியில் இரும்பு சேஸி சத்தமில்லாமல் உதிரும்.) ஜாக் போட்டுத் தூக்கும்போது கதவு இடுக்கு அகலமாகிறதா, கதவு இறுகுகிறதா? அப்படியென்றால் வண்டி மடங்கத் தொடங்கிவிட்டது, ஓட்டாதீர்கள்.

சில்லை வெட்டுமுன் கதவுத் திறப்புக்குக் குறுக்கே ஒரு இரும்புக் கம்பி வைத்துத் தற்காலிகமாக வெல்ட் அடிக்கச் சொல்லுங்கள், ஒரு பக்கம் முடிந்த பிறகே மற்றப் பக்கம். இரண்டையும் ஒன்றாக வெட்டினால் அப்புறம் கதவு ஜென்மத்துக்கும் சரியாக மூடாது. வெட்டும்போது பளிச்சென்ற தகரம் வரும் வரை போக வேண்டும், கறள் விளிம்பில் வெல்டிங் நிற்காது. போடுவது 18 கேஜ் இரும்புத் தகரம், கூரைத் தகரத் துண்டு அல்ல. அது மெல்லிசு, மேலே நாகப் பூச்சு, வெல்ட் அடித்தால் வரும் புகை காய்ச்சலே கொடுக்கும். மிக் வெல்டிங் இருக்கும் கராஜாகப் பாருங்கள், ஆர்க் வெல்டிங் இந்தத் தகரத்தை ஓட்டை போட்டுவிடும்.

ரஸ்ட் கன்வெர்ட்டர் பூசினால் போதாதா என்று கேட்பீர்கள். மேலாகப் படிந்த மெல்லிய கறளுக்கு நல்லது, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டுப் பூசினால் கறுப்பாக மாறி அடங்கும். அதில் பலவற்றில் இருப்பது டானின்தான், இரும்புக் கத்தியில் தேயிலைச் சாயம் படிந்தால் கறுக்குமே, அதே வேலை. அதற்காகப் பிளேன்டீயை ஊற்றிப் பார்க்காதீர்கள்! எந்தக் கன்வெர்ட்டரும் போன தகரத்தைத் திருப்பித் தராது.

வெல்ட் முடிந்ததும் எபொக்சி ப்ரைமர், அதற்கு மேல்தான் பட்டி, அதுவும் மெல்லிசாக. ஹட்டன் பக்கம் இந்த வேலைக்கு ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான் நல்ல காலம். வெயில் ஏறித் தகரம் காய்ந்த பிறகு தொடங்கி, பின்னேரம் மூடுபனி இறங்குமுன் நிறுத்திவிடுங்கள். கடைசியாகச் சில்லுக்குள் மெழுகு ஸ்ப்ரே. கழிவு எஞ்சின் ஒயில் அடிக்கும் பழக்கம் நம்ம கராஜ்களில் உண்டு, எனக்குப் பிடிக்காது, ரப்பர் புஷ்களைக் கெடுக்கும், அடுத்த முறை வெல்ட் அடிப்பவருக்கு நெருப்பு. தார் இன்னும் மோசம், அடியில் உள்ள ஈரத்தை மூடிவிடும்.

கராஜில் விடும்போது இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள்: வெல்டிங் தொடங்குமுன் பேட்டரியைக் கழற்ற வேண்டும், பின்னால் டிக்கிக்கு அடியில் இருக்கும் பெற்றோல் டேங்க் பக்கம் வேலை என்றால் அதையும் இறக்க வேண்டும். பட்டி பூசுமுன் உங்களைக் கூப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள், காட்டிய பிறகு மீதிக் காசு.