கடலட்டை என்று எழுதினால் தவறா?

எக்கினோடெர்மேட்டா என்ற விலங்குத் தொகுதிக்குத் தமிழில் என்ன பெயர், அதில் வரும் ஒரே கடல் பிராணிக்குச் சொல்லும் கடலட்டை, கடல் வெள்ளரி என்ற இரண்டு பெயர்களில் எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். தேர்வுக்குப் படிப்பவர் போலத் தெரிகிறது. தொகுதியின் பெயர் முட்தோலிகள். கிரேக்கத்தில் எக்கினோஸ் என்றால் முள்ளெலி, டெர்மா என்றால் தோல். நட்சத்திர மீன், கடல் முள்ளெலி, கடலட்டை எல்லாம் இதில் அடக்கம்.

இரண்டாவது கேள்விதான் என் வயிற்றெரிச்சல். திருவொற்றியூரில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள், முட்தோலிக்கு எடுத்துக்காட்டாகக் கடலட்டை என்று எழுதினாள். ஆசிரியை அதைச் சிவப்பு மையால் அடித்து, "அட்டை வளைதசைப் புழு" என்று பக்கத்தில் எழுதி ஒரு மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். வளைதசைப் புழுக்கள் என்ற வேறு தொகுதியில் வரும், இரத்தம் குடிக்கும் அட்டை வேறு, கடலட்டை வேறு. நட்சத்திர மீன் மட்டும் மீனா? அதற்கு மதிப்பெண் கொடுத்திருந்தார்!

நான் வணிகவியல் படித்தவன்; விலங்கியல் எனக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். என் அப்பா இராமேஸ்வரம் பக்கத்திலுள்ள மண்டபம் என்ற கடலோர ஊர்க்காரர். 2001-இல் கடலட்டையை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் சேர்க்கும் வரை மூழ்கி எடுத்தவர். (தடை தவறென்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வர வேண்டாம்.) குடலை எடுத்து, வேகவைத்து, ஈர மணலில் புதைத்துவைப்பார்கள். மறுநாள் தோண்டித் தேய்த்தால் மேல்தோலோடு சுண்ணாம்பும் கழன்றுவரும். பிறகு மறுபடி அவித்துக் காயவைப்பார்கள். அந்தச் சுண்ணாம்பு, தோலுக்குள் பொடிப்பொடியாகக் கிடக்கும் நுண்ணிய முட்கள்தான். கையில் தொட்டால் மெத்தென்றிருக்கும் பிராணி முட்தோலியாவது அதனால்தான். அப்பா அதைச் சுரண்டிச் சுரண்டியே எங்களைப் படிக்கவைத்தார்.

பள்ளிக்குப் போய்க் கேட்டேன். "கடல் வெள்ளரி என்றுதான் எழுத வேண்டும்" என்றார்கள்.  

தேர்வில் பாடநூலில் உள்ளதையே எழுதுங்கள், மதிப்பெண் முக்கியம். ஆனால் கடலோரத்தில் யாரும் வெள்ளரி என்று சொல்லி நான் கேட்டதில்லை. அன்றிரவு அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னேன். வெகுநேரம் சிரித்துவிட்டு, "வெள்ளரியா? அப்படியென்றால் விதையை எடுத்துவிட்டாளா அந்த டீச்சர்?" என்றார்.